மூன்றாம் பக்கத்து மடைக்காரர்

போன ஞாயிற்றுக்கிழமை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் உங்களில் ஒருவர் அந்தப் படத்தைப் போட்டிருந்தீர்கள். மஞ்சள் சார்ட் அட்டை. நடுவில் நம் ஊர்க் குளம். அதன் கிழக்கு மூலையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் அழுத்தித் தீட்டிய ஒரு திட்டு. ஓரத்தில் முதல் பரிசு ரிப்பன். ஆளுக்கொரு கட்டைவிரலைத் தூக்கிவிட்டீர்கள். "டச் போன் வராத காலத்துலயே சாட்டிலைட்ட பாத்த பரம்பரைடா நாம" என்று ஒருவர் மார்தட்டியிருந்தார். கடைசியாக ஒருத்தி கேட்டிருந்தாள்: "இத வரைஞ்ச புள்ள இப்ப எங்க இருக்கு?" அதற்கு யாரும் பதில் போடவில்லை. அடுத்ததாக யாரோ பிரியாணிப் படம் போட்டு, பேச்சு அங்கிட்டுப் போய்விட்டது.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். நாலு முறை குரல் பதிவு செய்து நாலு முறையும் அழித்தேன். பேசினால் அழுகை வருகிறது, அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பள்ளியை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, நமக்கெல்லாம் காதோரம் நரை எட்டிப் பார்க்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படிக்கலாம், குடி முழுகிப் போகாது.

சமூக அறிவியல் சாரை நினைவிருக்கும். இலுப்பூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென் டிரைவ் தொங்கும், அதைத் தாயத்து என்று கேலி செய்வோம். அவர் வருவதற்கு முன் நமக்குப் படிப்பு என்றால் பாட்டு நோட்டு மாதிரி ஒன்று. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதுவோம், எழுதியதை மனப்பாடம் செய்வோம், பரீட்சையில் கொட்டிவிட்டு மறந்துபோவோம். அவர் வந்த முதல் வாரமே நோட்டை மூடச் சொன்னார்.

"நான் சொல்றத அப்படியே எழுதுறதுக்கு நீங்க என்ன ஜெராக்ஸ் மெஷினா? தேடுங்க. கேள்வி கேளுங்க. எனக்கே தெரியாதத எனக்குச் சொல்லுங்க."

கம்ப்யூட்டர் அறையில் ஐந்து பெட்டிகள் இருந்தன, மூன்று ஓடும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சார் தன் சொந்த டேட்டா கார்டைச் செருகுவார், அதன் பச்சை விளக்கு நீல விளக்காகிற வரைக்கும் நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். புது பிளாஸ்டிக் வாசனையும், யுபிஎஸ் போடுகிற 'கீக் கீக்' சத்தமும் எனக்கு இன்னும் அப்படியே இருக்கின்றன. நாலு நாலு பேராகக் குழு. குழுவுக்கு ஒரு கேள்வி, ஐந்து இணைய முகவரி அச்சடித்த ஒரு தாள், சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு அட்டை: தேடுபவர், வரைபவர், எழுதுபவர், சரிபார்ப்பவர்.

அதனால் நன்மையே இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். கடலைக்காட்டு வீட்டுப் பையன் குழுவை நினைத்துப் பாருங்கள். அவர்கள் காட்டில் கடலைச் செடியெல்லாம் இலையில் கரும்புள்ளி விழுந்து கருகிக்கொண்டிருந்தது. அதே மாதிரிப் படத்தை அவன் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தான். பையன் பேச்சை நம்பலாமா என்று அவன் அப்பா அந்த இலையைப் பறித்துக்கொண்டு ஆலங்குடி விவசாய ஆபீசுக்கே போய்க் காட்டினார். அவர்களும் அதே நோய் என்றார்கள். மருந்து அடித்து, அந்த வருஷம் பாதிக் கடலையாவது வீடு வந்து சேர்ந்தது. டீக்கடையில் ஒரு வாரம் இதே பேச்சு. வகுப்பில் வாயே திறக்காத பையன் அதற்குப் பிறகு எழுந்து நின்று பேச ஆரம்பித்தான். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரும் முடிவு கட்டியது. இலையை ஆபீசுக்குக் கொண்டு போய்க் காட்டியதை ஊர் மறந்துவிட்டது, நானும்தான்.

எங்கள் குழுவுக்கு வந்த கேள்வி, நம் குளம் சுருங்கிவிட்டதா என்பது. தபால்காரர் மகன் தேடுபவர். டெய்லர் மகள் எழுதுபவர். நான் சரிபார்ப்பவர். வரைபவர், என் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்காருகிறவள், மடைக்காரர் மகள்.

வெளியூரில் பிறந்து வளர்கிற உங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன். குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடுகிற இடம் மடை. எந்த வயலுக்கு எப்போது, எவ்வளவு என்று பார்த்துத் திறந்து மூடுகிறவர் மடைக்காரர். நம் ஊரில் அது அவர்கள் குடும்பத்து வேலை. அறுவடையில் வயலுக்கு ஒரு கட்டு நெல் அவருக்கு. மழை பொய்த்து அறுவடையே இல்லாமல் போன ஒரு காலத்தில், கட்டுக்குப் பதிலாக நீ இதை வைத்துப் பிழைத்துக்கொள் என்று ஊர் கூடிக் குளத்தின் கிழக்கு மூலை மேட்டை அவருடைய அப்பாவுக்கு விட்டுக்கொடுத்தது. பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். அந்த மேட்டில் அவர்கள் பன்னிரண்டு தென்னை வைத்திருந்தார்கள், கீழே கத்தரி. ஊர் விட்டுக்கொடுத்த இந்தக் கதை எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் ஊரை வானத்திலிருந்து பார்த்த அன்று நாம் போட்ட கூச்சலில் தலைமை ஆசிரியரே ஓடி வந்தார். பள்ளிக்கூட ஓடு தெரிந்தது, கொடிமரத்து நிழல்கூடத் தெரிந்தது. சார் மூலையில் இருந்த ஒரு பட்டையை மவுஸால் இழுத்தார், படம் பல வருஷம் பின்னால் போனது. பழைய படத்தில் கிழக்கு மூலை வெறும் பழுப்பு. புதுப் படத்தில் அங்கே பாசி ஒட்டினாற்போல் ஒரு பச்சை.

"பாத்தீங்களா? குளத்துக்குள்ள பச்சை வந்துருக்கு. இதுக்குப் பேரு என்ன?"

"ஆக்கிரமிப்பு சார்!" எல்லாரும் சேர்ந்து கத்தினோம். அவளும் கத்தினாள்.

"மேற்குப் பக்கம் சார்?" என்று தபால்காரர் மகன் கேட்டான். பழைய படத்தில் மேற்குக் கரை முழுக்க வெள்ளை மேகம் மூடியிருந்தது.

"மேகம் இருக்கிற பக்கத்த விட்ருங்க. ஒப்பிட முடியாது. தெரியிறத மட்டும் எழுதணும், அதான் ஆராய்ச்சி."

சார் சொன்னதில் தப்பே இல்லை. மேற்குக் கரையில் இருந்தது எங்கள் பெரியப்பாவின் முந்திரித் தோப்பு. அது வருஷா வருஷம் குளத்துக்குள் கால் நீட்டிக்கொண்டிருப்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் ஆள் கிடையாது.

அவள் பட்டர் பேப்பரை கம்ப்யூட்டர் திரை மேல் ஒட்டிவைத்து, பென்சிலால் குளத்தின் ஓரத்தை இழுத்தாள். "கண்ணாடிய அமுக்காதம்மா" என்று சார் பதறிக்கொண்டே இருந்தார். நாக்கை ஒரு பக்கமாகக் கடித்துக்கொண்டு வரைவாள், நினைவிருக்கிறதா? அந்தப் பச்சை எது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அந்த மேடு என்றால் தென்னை மட்டை விழுகிற சத்தம், கத்தரிச் செடிக்குக் குடம் தூக்குவது, கரையில் காய்கிற அப்பாவின் துண்டு. வானத்திலிருந்து தன் இடத்தைப் பார்க்க யாருக்குப் பழக்கம்? சார்ட்டில் ஆக்கிரமிப்புக்குச் சிவப்பு என்று சார் சொன்னார். கோடு தாண்டாமல், திட்டுத் திட்டாக இல்லாமல், ஒரே சீராகச் சிவப்பைத் தீட்டினாள்.

இனி என் பங்கு. அறிக்கையின் மூன்றாம் பக்கம் சரிபார்ப்பவருடையது. 'குளத்தைப் பற்றி நன்கு அறிந்த மூன்று பேரை நேரில் கேட்டு எழுதுக' என்று அச்சடித்து, மும்மூன்று கோடாக இடம் விட்டிருந்தது. கீழே என் கையெழுத்து. சாரைக் குறை சொல்ல வருகிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும், அவர் கேட்கச் சொல்லித்தான் இருந்தார்.

நான் கேட்கப் போகவில்லை. சனிக்கிழமை முழுவதும் ஆலங்குடி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, தலைப்புக்கு எந்த எழுத்து அழகாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏசி அறையின் குளிரும் சுழல் நாற்காலியும் கிடைத்த பிறகு வெயிலில் யார் குளத்தைச் சுற்றுவது? அங்கே படத்தைப் பெரிதாக அச்செடுத்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பச்சைக்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி. மடைத் தூண்கள். அப்படியானால் இது மடைக்காரர் தென்னை வைத்திருக்கிற மேடல்லவா என்று ஒரு நொடி தோன்றியது. தாளைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அவரை 'வாய்யா' என்பார்கள், 'வாங்க' என்றதில்லை. அவர் கொல்லைப்புறம் வந்து நிற்பார், சொன்னதைக் கேட்டுக்கொண்டு போவார். அவருக்குச் சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம், அவரைக் கேட்டுப் பழக்கமில்லை. அவர் மகளோ தினமும் என் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்திருந்தாள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு ஆலங்குடிக்கு பஸ் ஏறியவள் நான்.

திங்கட்கிழமை காலை பிரேயர் மணிக்கு முன்னால், சைக்கிள் நிறுத்தத்தில் வைத்து மூன்று பேரின் பதிலையும் நானே எழுதினேன். ஒரே கை என்று தெரியக்கூடாது அல்லவா, அதனால் மூன்று பேனா. ஊராட்சித் தலைவருக்கு நீலம்: குளத்தைக் காப்பது நம் கடமை. பழைய தலையாரிக்குக் கறுப்பு: முன்பு குளம் பெரிதாக இருந்தது. மூன்றாவது ஆள் யார்? மடைக்காரர் பேரைப் போட்டால் சார் அசந்துபோவார் என்று தோன்றியது. மூன்றாவது பேனா என்னிடம் இல்லை. அவளிடம் கேட்டேன்.

"ஊதா பேனா குடுடீ, ரெண்டு வரி எழுதிட்டுத் தாரேன்."

"நிப்ப அமுக்காத. எங்கப்பா பங்குனித் திருவிழாவுல வாங்கிக் குடுத்தது."

மினுமினுக்கிற ஊதா ஜெல் பேனா. வகுப்பிலேயே அது ஒன்றுதான் இருந்தது. அதை வைத்து எழுதினேன்: கிழக்கு மூலையில் இருப்பது ஆக்கிரமிப்புத்தான், அதை எடுத்தால் குளம் நிறையும் என்று மடைக்காரர் கூறினார். கீழே என் கையெழுத்தும் போட்டேன். சார் மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, கோடுகள் நிரம்பியிருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துவிட்டு டிக் போட்டார்.

புதுக்கோட்டையில் கண்காட்சி. வேனில் போனது, எலுமிச்சைச் சாதம், டெய்லர் மகள் வாந்தி எடுத்தது எல்லாம் குழுவில் ஏற்கெனவே பேசிவிட்டீர்கள். எங்கள் சார்ட்டின் முன்னால் ஒரு அதிகாரி ரொம்ப நேரம் நின்றார். குளத்து ஆக்கிரமிப்புகளை எடுக்கச் சொல்லி மேலே இருந்து நெருக்கடி இருந்த நேரம் அது. யார் பொல்லாப்பும் இல்லாமல் கணக்குக் காட்ட ஏதாவது கிடைக்காதா என்று இருந்திருப்பார். அறிக்கையைப் புரட்டினார், மூன்றாம் பக்கத்தில் நின்றார், "இத நான் எடுத்துக்கலாமா தம்பி?" என்று சாரிடம் கேட்டார். சார் முகத்தில் அன்று பார்த்த வெளிச்சத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. பெரியப்பா என்னைக் கூப்பிட்டு ஒரு வாட்ச் வாங்கித் தந்தார்.

முழுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது பொக்லைன் வந்தது. பள்ளிக்குப் போகிற வழியில் சத்தம் கேட்டு ஓடினோம். அவளும் என்னோடு ஓடி வந்தாள், யார் வீட்டில் என்ன என்று வேடிக்கை பார்க்கிற ஓட்டம். கரை ஏறியதும்தான் நின்றாள். நாலு மரம் ஏற்கெனவே சாய்ந்து கிடந்தது. இளநீர்க் குலைகள் உடைந்து மண்ணெல்லாம் ஈரம்.

ஊர்க்காரர்கள் சிலர் அதிகாரியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்கள். "ஊரே குடுத்த எடங்க இது, மடை பாக்குறதுக்காக." அவர் கோப்பைத் திறந்தார்.

"ஊரு குடுத்ததுக்குப் பேப்பர் இருக்கா? ஆனா இங்க பாருங்க, பேப்பர் இருக்கு. இவரே புள்ளைங்ககிட்டச் சொல்லியிருக்காரு, இது ஆக்கிரமிப்புத்தான்னு. படிக்கிறேன் கேளுங்க." சத்தமாகப் படித்தார். என் வரிகள். நான் ஒரு வேப்ப மரத்துக்குப் பின்னால் போனேன்.

மடைக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையை நீட்டினார், அதிகாரி தாளைக் கொடுத்தார். அவர் எதையும் படிக்கவில்லை, பார்த்தார். நீலம், கறுப்பு, கடைசியில் மினுமினுக்கிற ஊதா. பிறகு தலையைத் தூக்கி, சீருடையில் நின்ற தன் மகளைப் பார்த்தார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கத்தரிப் பாத்தியில் கிடந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரை மேல் நடந்தார்.

அவளும் தாளைப் பார்த்தாள். என் எழுத்து அவளுக்குத் தெரியாதா, ஒரே பெஞ்சு. சுற்றும் முற்றும் என்னைத் தேடினாள். நான் வெளியே வரவில்லை. இரண்டு எட்டு எடுத்து வைத்து, நான் எழுதியது என்று சொல்லியிருக்க வேண்டும், பதின்மூன்று வயதில் அதற்குக்கூடவா தெம்பு இருக்காது? இருந்தது. பெரியப்பா அங்கே நின்றுகொண்டிருந்தார், அவர் காதில் விழக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு ஆளு யாருன்னு தெரியாதுல்ல. அதுக்கு எல்லாரும் ஒண்ணுதான்" என்று பெரியப்பா அன்று மாலை வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். மேற்குக் கரைக்கு எந்தப் பொக்லைனும் வரவில்லை. இளைத்தவன் தலையில் மிளகாய் அரைத்தோம், அதற்கு முதல் பரிசும் வாங்கினோம்.

பரீட்சை எழுத வந்தாள். கடைசி நாள் ஊதா பேனாவை என் பக்கம் தள்ளிவைத்தாள். "நீயே வச்சுக்க" என்றாள். ஜூன் மாதம் அவள் இடம் காலியாக இருந்தது. திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். தென்னை போன பிறகு வேறு வழியில்லை என்றார்கள். சார் வருகைப் பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாம உண்மையத்தானே சொன்னோம்?" என்று எங்கள் குழுவைப் பார்த்துக் கேட்டார். அந்த வருஷத்தோடு அவரும் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். பேனா என்னிடமே கிடந்து காய்ந்தது. கல்யாணமாகி வீடு மாறியபோது எங்கோ தொலைந்தது, தேடவில்லை.

சாரைப் போல் ஒருவர் என் மகளுக்குக் கிடைக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தேடச் சொல்லித் தருகிறவர் கோடியில் ஒருவர். இப்போது தேடவே வேண்டியதில்லை, கேட்ட நொடியில் போன் கட்டுரையே எழுதித் தருகிறது. போன மாதம் என் மகள் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள். தாளின் கடைசியில் அதே மாதிரி மூன்று கோடு, பக்கத்து வீட்டாரிடம் கேட்டு எழுதுக என்று போட்டிருந்தது. கோடுகள் நிரம்பியிருந்தன.

"யாருகிட்ட கேட்ட?"

"யாரும்மா போய்க் கேக்குறது. நானே எழுதிட்டேன். மிஸ் பாக்கவா போறாங்க?"

கை ஓங்கிவிட்டேன். எதற்கு இந்த அம்மாவுக்கு இவ்வளவு கோபம் என்று குழந்தை மிரண்டுபோனது. அன்றுதான் மடைக்காரர் மகளைப் பார்த்தே தீர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

புதுக்கோட்டையில்தான் இருக்கிறாள். தைத்துக் கொடுக்கிறாள், ஒரு பையன். விசாரித்துக்கொண்டு போய் வாசலில் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டு "வாங்க" என்றாள். 'வாடீ, போடீ' என்று கூப்பிட்டவள் 'வாங்க' என்றது என்னைச் சுட்டது. சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். மெஷினை நிறுத்தாமல் கேட்டாள்.

"அன்னைக்கே தெரியும். ஒன் எழுத்துத்தானே."

"அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"ஒன் பேரச் சொன்னா ஒங்க பெரியப்பா காட்டுல எங்கப்பாவுக்கு மறுநா வேலை இருந்துருக்குமா? தென்னையும் போயிருச்சு, மிச்சமிருந்தது அந்தக் கூலிதான்." துணியைத் திருப்பிப் போட்டாள். "எங்கப்பா எங்கிட்டப் பேசாம எல்லாம் இல்ல. கல்யாணம் பண்ணி வச்சாரு, பேரனத் தூக்கி வளத்தாரு. ஆனா எங்கிட்ட எதையும் பேசுறதுக்கு முன்னாடி ஒரு தடவ என் கையப் பாப்பாரு. பேனா இருக்கான்னு. சாகுற வரைக்கும் பாத்தாரு."

நான் அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"வந்து கேட்டிருக்கலாம் நீ" என்றாள். "அந்தக் கொளத்துல எந்த எடத்துல எத்தன முழம் ஆழம்னு அவருக்குத்தான் தெரியும். யாரும் அவர ஒண்ணு கேட்டதே இல்ல. ஒரு பள்ளிக்கூடத்துப் புள்ள நோட்டு எடுத்துக்கிட்டு வந்து கேட்டிருந்தா, நாற்காலி கடன் வாங்கிப் போட்டுருப்பாரு."

போன ஞாயிறு உங்கள் படம் வந்ததும் அவளுக்குப் போன் செய்தேன். இதையெல்லாம் குழுவில் எழுதட்டுமா என்று கேட்டேன். மெஷின் சத்தம் கொஞ்சம் ஓடி நின்றது.

"எழுது. ஒன்னப் பத்தி எழுது, என்னப் பத்திக்கூட எழுது. எங்கப்பா சொன்னதா மட்டும் மறுபடி ஒண்ணும் எழுதிறாத."

சரி என்றேன். அந்தப் படத்தை யாரும் நீக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். அறிக்கையின் மூன்றாம் பக்கம் மட்டும் இன்று கைக்குக் கிடைத்தால், மடைக்காரர் பேருக்கு நேரே இருக்கிற ஊதா வரிகளை அடித்துவிட்டு, என் நீலப் பேனாவால் இப்படித் திருத்துவேன்: இவரிடம் நான் கேட்கவில்லை.